யூதாஸின் கொக்கி

சேசு மரி சூசை துணை
அரிசிபாளையம், சேலம்
6.10.2024

என் தங்கச்சி தெரசம்மாளுக்கு அண்ணன் ஞானதாஸ் எழுதும் கடிதம்.

இங்கே எல்லாருக்கும் உடம்பு கெட்டியாக இருக்கிறது. உன் அண்ணி ஜாக்குலினுக்கு முட்டிவலி. எனக்கு உன் அண்ணி. மற்றபடி குறையில்லை. அந்த மலைக் குளிரில் உன் மூச்சிரைப்பு எப்படி என்று எழுது. உனக்கு முன்னால் இந்தக் கவரைப் பிரித்துப் படிக்கிற மதர் அம்மாவுக்கும் என் தோத்திரம். மதர், எழுத்துப் பிழையைப் பொறுக்க வேண்டும். நான் ஐந்தாவதில் பாதியில் நின்றவன். கம்பிக்குள் இருக்கிற கன்னியருக்குப் போன் கிடையாது என்று நீங்கள் சட்டம் வைத்ததால்தான் ஐம்பத்திரண்டு வயதில் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். பனமரத்துப்பட்டி ஏரிப் பக்கம் ஒரு சினிமா எடுக்கப் போகிறார்கள். கூட்டத்தில் நிற்க அறுபது ஆள் வேண்டும் என்று தீனதயாளன் என்கிற மேனேஜர் நம் விண்மீன் கலைக்குழுவைத் தேடி வந்தான். ஆளை நிறுத்திக் காட்டினேன். வெயிலில் நின்று முணுமுணுத்த ஒருத்தனை நான் திட்டியதை டைரக்டர் பார்த்துவிட்டார். அந்தத் திட்டு அவருக்குப் பிடித்துப்போயிற்று. கதாநாயகனுக்கு மாமனார் வேஷம் எனக்கு. முப்பத்திரண்டு சீன். வாயில் பல் எத்தனையோ அத்தனை.

இதுவரைக்கும் ஏழு படத்தில் நடித்திருக்கிறேன். நாலில் என்னைக் கத்தரித்துவிட்டார்கள். மூன்றில் என் முதுகு தெரியும். இந்தப் படத்தில் முகம் வரும் என்று டைரக்டர் வாயாலேயே சொன்னார்.

ஷூட்டிங் பொங்கலுக்கு மேலே ஆரம்பித்துப் பங்குனி வரை போகும். தவக்காலத்தில் சேசுவின் பாடுகளை ஆடிக் காட்டும் நம் பாஸ்கா நாடகம் பதினாறு ஊரில் இருக்கிறதே என்று நீ கேட்பாய். ஷூட்டிங் பகலில், நாடகம் பொழுது சாய்ந்து. பகலில் மாமனார், சாயங்காலம் யூதாஸ். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்கிறாள் உன் அண்ணி.

எனக்காக ஒரு ஜெபமாலை சொல். சின்னதாகப் போதும்.

உன் அண்ணன்,
ஞானதாஸ்


27.10.2024

சேசுவின் சமாதானம் உண்டாகட்டும்.

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. மதர் படித்துவிட்டுச் சிரித்தபடியே கொடுத்தார்கள். மூச்சிரைப்பு தேவலை. பூசைக்கான அப்பம் சுடும் மிஷின் பக்கத்தில் எனக்கு வேலை போட்டிருக்கிறார்கள், அந்தச் சூடு நெஞ்சுக்கு நல்லது. அண்ணியின் முட்டிக்கு என்ன வைத்தியம் பார்க்கிறீர்கள்? கேலியை நிறுத்திவிட்டு அதை எழுதுங்கள்.

முப்பத்திரண்டு சீன் என்று படித்தபோது எனக்கும் சந்தோஷம்தான். உங்கள் முதுகைப் பார்த்தே மூன்று படம் ஓடியிருக்கிறது, முகம் வந்தால் என்ன ஆகுமோ.

ஒன்று மட்டும் கேட்கிறேன். யூதாஸ் நாண்டுகொள்ளும் காட்சியில் உங்கள் அங்கிக்குள் இருக்கும் பெல்ட்டுக்குக் கொக்கி மாட்டும் வேலை என் பதினாறு வயதிலிருந்து இருபது வரை என்னுடையது. மடத்துக்குக் கிளம்பிய அன்று நம் லைட்காரன் அன்புவிடம் அதை ஒப்படைத்தேன். கொக்கியோடு சட்டத்தையும் கொடுத்தேன். கழுத்துக் கயிறு பொய், ஆளைத் தாங்குவது முதுகுக் கொக்கிதான். முதுகில் இருப்பதை யாரும் தனக்குத்தானே மாட்டக் கூடாது. மாட்டியவர் "மாட்டியாச்சு" என்று சொல்ல வேண்டும். மேலே தொங்குகிறவர் கொக்கி தாங்குகிறதா என்று காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு "பார்த்தேன்" என்று சொல்லும்வரை கையை எடுக்கக் கூடாது. இருபத்து நாலு வருஷமாக அன்பு அதைக் காப்பாற்றுகிறான்.

ஷூட்டிங்கில் உங்களை நேரத்துக்கு விடவில்லை என்றால் நாடகத்துக்கு என்ன வழி?

ஜெபத்தில் நினைக்கும்,
தெரசம்மாள்


சேசு மரி சூசை துணை
அரிசிபாளையம்
20.11.2024

அப்பம் சுடும் தங்கச்சிக்கு,

நாங்கள் சௌக்கியம். அண்ணியின் முட்டிக்குக் கம்பவுண்டர் ஒரு தைலம் கொடுத்தார். வீடு முழுக்க வாசம் அடிக்கிறது, வலி மட்டும் போகவில்லை. மதருக்குத் தோத்திரம். அடுத்த வாரத்தோடு திருவருகைக் காலம் வந்துவிடும், உங்கள் மடத்தில் கிறிஸ்துமஸ் வரை கடிதம் கிடையாது என்பதால் அவசரமாக எழுதுகிறேன்.

அக்ரிமெண்டில் கையெழுத்துப் போட்டாயிற்று. எட்டுப் பக்கம். நான் எழுத்துக் கூட்டி இரண்டாம் பக்கம் வருவதற்குள் தீனதயாளன் காபி வாங்கிக் கொடுத்துவிட்டான். கூப்பிட்ட நேரத்தில் வர வேண்டும், விடும் நேரத்தில்தான் போக வேண்டும் என்பதுதான் சாரம் என்றான். கல்யாணத்திலும் இதைத்தானே சொன்னார்கள், இத்தனை வருஷம் ஓடவில்லையா.

நாடகத்துக்கு ஆத்தூர், நாமக்கல், ஓமலூர் என்று பதினாறு ஊரும் முடிவாகிவிட்டது. பெரிய வெள்ளி நம் ஊர் மைதானத்தில். சினிமாவில் நடிக்கிற யூதாஸ் என்று நோட்டீசில் போடலாமா என்று ஒரு பங்குச் சாமியார் கேட்டார். போடுங்கள் சாமி என்றேன்.

அன்பு மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். அவன் நம் கோயில்காரன் இல்லை, ஆடி மாசம் முனியப்பனுக்குக் கெடா வெட்டுகிறவன். ஆனால் பாஸ்கா வசனம் அத்தனையும் அவனுக்குத்தான் மனப்பாடம். லைட் கம்பத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு என்னைக் கேட்கிறான், "ஏனுங்ண்ணா, அங்க சிரிச்சுப்போட்டு அதே பொழுதுக்கு இங்க வந்து சாவோணும். நடுவுல லாரி நின்னு ரோடு அடைச்சுக்கிச்சுன்னா?"

இறங்கி வந்து டீ குடி என்றேன். அவனுக்கு எப்போதும் ரோட்டைப் பற்றித்தான் கவலை.

பிறக்கப் போகும் பாலனுக்கு என் முத்தம்.

ஞானதாஸ்


28.12.2024

பாலன் சேசுவின் ஆசீர் உங்கள் இருவருக்கும்.

அண்ணனுக்கு,

கிறிஸ்துமஸ் அன்று காலை கடிதங்களைக் கொடுத்தார்கள். உங்களுடையதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டச் சொன்னார்கள் மதர். கல்யாண அக்ரிமெண்ட் வரும் இடத்தில் பெரிய சிஸ்டர் ஒருவர் இருமும்வரை சிரித்தார்.

எனக்கு முழுசாகச் சிரிப்பு வரவில்லை. நாடகத்துக்கு என்ன வழி என்று நான் கேட்டேன். நீங்கள் எட்டுப் பக்க அக்ரிமெண்ட், முட்டி, சாமியார், காபி எல்லாம் எழுதினீர்கள், அதற்கு மட்டும் பதில் எழுதவில்லை. சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும், நீங்கள் என்னைச் சிரிக்க வைக்கும் இடத்தில்தான் எதையோ ஒளித்து வைத்திருப்பீர்கள்.

அன்பு சொன்னது ரோட்டைப் பற்றி இல்லை.

தெரசம்மாள்


சேசு மரி சூசை துணை
பனமரத்துப்பட்டி
16.2.2025

தங்கச்சிக்கு,

மதருக்கு முதல் தோத்திரம். எங்கள் இருவருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. என் தலைக்கு மட்டும் குளிர். மாமனாருக்கு மொட்டைத் தலை வேண்டும் என்று சிரைத்துவிட்டார்கள். யூதாசுக்கு டோப்பா வைத்துக்கொள்வேன். பைபிளில் அவனுக்கு எவ்வளவு முடி என்று எழுதியிருக்கிறதா என்ன.

ஷூட்டிங் ஆரம்பித்து மூன்று வாரம். பதினோரு நாள் வரச் சொன்னார்கள், இரண்டு நாள் நடித்தேன், ஒன்பது நாள் உட்கார்ந்தேன். சேர் போடுகிறார்கள், இளநீர் கொடுக்கிறார்கள், "அண்ணே ரெடியா இருங்க" என்கிறார்கள். வேறு யாரும் இத்தனை மரியாதையாக என்னைச் சும்மா உட்கார வைத்ததில்லை.

ஒத்திகைக்கு நாலு தரம் போக முடியவில்லை. நாடகக் கம்பெனியை அன்புதான் பார்த்துக்கொள்கிறான். நாமக்கல் சாமியார் என்னைப் போனில் பிடிக்க முடியாமல் நாடகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போனால் போகட்டும், பதினைந்து இருக்கிறது. நம் நாடகத்தில் வசனம் எல்லாம் ரெக்கார்டு பண்ணியதுதானே. பத்து வருஷத்துக்கு முந்திய என் குரல் ஓடும், யார் நின்றாலும் வாயை அசைத்தால் போதும். எனக்குப் பதில் ஏற அன்புவைப் பழக்கியிருக்கிறேன். நன்றாகவே அழுகிறான். நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுதிவிட்டேன், இனி என்னைத் திட்டாதே.

ஞானதாஸ்


2.3.2025

அண்ணனுக்குத் தெரசம்மாள் எழுதுவது. நான் சுகம். தலைக்குத் துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

வருகிற புதன்கிழமை நெற்றியில் சாம்பல் பூசுவதோடு தவக்காலம் ஆரம்பம், எங்களுக்குக் கடிதம் நின்றுவிடும். வருவதை மதர் அலமாரியில் வைத்துவிடுவார்கள். ஏப்ரல் இருபது, உயிர்ப்புத் திருநாள் அன்றுதான் என் கைக்கு வரும். ஆகையால் சுருக்கமாக எழுதுகிறேன்.

உங்களுக்குப் பதில் அன்பு ஏறுவான். சரி. அன்புவுக்கு யார் மாட்டுவது?

இதற்குப் பதில் எழுத உங்களுக்கு நாள் இல்லை. எழுத வேண்டாம், செய்யுங்கள்.

தெரசம்மாள்


சேலம்
16.3.2025

தெரசம்மா,

இது அலமாரிக்குள் போகிற கடிதம். அதனால் மதருக்குத் தோத்திரம் போடவில்லை. நீ படிக்க ஐந்து வாரம் ஆகும். அதற்குள் எல்லாம் ஒரு வழிக்கு வந்திருக்கும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். யாரிடமாவது சொல்ல வேண்டும். அலமாரியிடம் சொல்கிறேன்.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை ஆத்தூரில் நாடகம். மூன்று மணிக்கு விடுகிறேன் என்றார்கள். பதினாலாவது சீன். மாமனார் ஊஞ்சலில் உட்கார்ந்து சிரிக்க வேண்டும். அவ்வளவுதான். ஊஞ்சல் சங்கிலியில் வெயில் பட்டு மின்னுகிறது என்று துணி கட்டினார்கள், அவிழ்த்தார்கள். மூன்று நாலானது, நாலு ஆறானது, இனி லைட் போட்டு எடுப்போம் என்றார்கள். பனமரத்துப்பட்டியிலிருந்து ஆத்தூருக்கு ஒன்றரை மணி நேரம். நாடகம் ஏழரைக்கு.

அன்பு என் அங்கியை மாட்டிக்கொண்டு ஏறினான். விழுந்துவிட்டான். ஆறடி உயரம். கீழே பலகை. இடுப்பெலும்பும் வலது குதிகாலும் உடைந்திருக்கிறது. ஜனங்கள் அதையும் நாடகம் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ரெக்கார்டில் என் குரல் அழுதுகொண்டே இருந்ததாம்.

அவன் விழுந்த நேரத்தில் நான் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து சிரித்துப் பழகிக்கொண்டிருந்தேன். பத்து விதமாகச் சிரித்துப் பார்த்தேன்.

நேற்று ஆபரேஷன் பண்ணினார்கள். உயிருக்குப் பயமில்லை. நடப்பான், ஆனால் இனி ஏணி ஏற முடியாது என்றார் டாக்டர். லைட்காரனுக்கு ஏணி ஏற முடியாவிட்டால் என்ன இருக்கிறது சொல்.

அண்ணியின் முட்டி பரவாயில்லை.

ஞானதாஸ்


20.3.2025

தெரசம்மா,

போன கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். அலமாரியிடம் கூடச் சொல்ல வாய் வரவில்லை.

அன்று ஆறேகாலுக்கு அன்பு போன் பண்ணினான். "அண்ணா, வந்துருவீங்களா? எனக்கு மாட்ட இங்க பழகுன கை இல்லீங்க. அந்தச் சீன விட்டுப்போடலாங்களா?" என்றான். ஆத்தூர்க்காரர்கள் அந்தக் காட்சிக்குத்தான் வருகிறார்கள், விட்டால் அடுத்த வருஷம் கூப்பிடமாட்டார்கள் என்று நினைத்தேன். மேக்கப்காரர் என் தலையைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். "நீயே மாட்டிக்கிட்டு ஏறுடா, நான் வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

உன் சட்டத்தை உடைத்தவன் நான். அவன் இல்லை.

அன்புவின் பெண்சாதி குஞ்சம்மாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அழுவாதீங்க சாமி, இவருதான் புத்தி கெட்டுத் தானா மாட்டிக்கிட்டாராம், அவரே சொல்லிப்போட்டாரு" என்றாள். அன்பு யாரிடமும் அந்தப் போனைப் பற்றிச் சொல்லவில்லை. நான் கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அதற்குப் பிறகு நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. குஞ்சம்மாளிடம் ஷூட்டிங் என்று சொல்லியிருக்கிறேன்.

ஷூட்டிங் இல்லை. ஆபரேஷன் அன்று நான் போகாததால் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அவனுக்கும் என் உடம்புதானாம், சட்டை தைக்கத் தீனதயாளன் போன் பண்ணி என் அளவு கேட்டான். கொடுத்தேன்.

மற்ற ஊர் நாடகங்களை நிறுத்திவிட்டேன். பெரிய வெள்ளி நம் ஊரில் மட்டும் நடக்கும். நான்தான் யூதாஸ். எனக்கு யாரும் மாட்ட வேண்டாம், நானே மாட்டிக்கொள்கிறேன் என்று குழுவில் சொல்லிவிட்டேன். அவனுக்கு ஆனது எனக்கும் ஆகட்டும். அதுதானே நியாயம். கொஞ்சம் கூடுதலாக ஆனாலும் சரிதான்.

ஜாக்குலினிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் துணி தைத்துக்கொண்டிருக்கிறாள். நீ இதைப் படிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நீ சரியான கேள்விதான் கேட்டாய்.

ஜெபமாலை சொல். இந்தத் தரம் பெரிதாக.

அண்ணன்


24.3.2025

சேசுவின் சமாதானம்.

அன்புத் தம்பி அன்புவுக்குத் தெரசம்மாள் அக்கா எழுதுவது. உன் இடுப்பு எப்படி இருக்கிறது, குதிகாலில் வீக்கம் குறைந்ததா, இரவில் தூங்குகிறாயா என்று கேட்க எனக்குக் கடிதத்தை விட்டால் வழி இல்லை. இதை நீ மட்டும் தனியாகப் படி.

தவக்காலத்தில் எனக்குக் கடிதம் தர மாட்டார்கள், நானும் எழுதக் கூடாது. அண்ணன் அதை நம்பித்தான் எழுதியிருக்கிறார். தவக்காலத்திலும் மதர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அலமாரியில் வைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது. இன்று காலை பூசை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "இது அலமாரியில் வைக்கிற கடிதம் இல்லை" என்று முந்திய கடிதத்தையும் சேர்த்துக் கையில் கொடுத்தார்கள். படித்து முடித்தபோது அவர்களே அண்ணிக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தார்கள். பெரிய வெள்ளி வரை அண்ணி அவரைத் தனியாக விடமாட்டார்கள்.

ஆனால் அண்ணியால் ஆகாத ஒரு வேலை இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுத மதர் அனுமதி கொடுத்தார்கள்.

நீ யாரிடமும் சொல்லாத அந்தப் போனை அண்ணன் எனக்கு எழுதிவிட்டார். நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டதையும் எழுதியிருக்கிறார். கோபத்தில் திரும்பினாயா, கண்ணீர் தெரியக் கூடாது என்று திரும்பினாயா, எனக்குத் தெரியாது. கோபம் என்றாலும் அது உன் உரிமை. அவரை மன்னித்துவிடு என்று நான் எழுத மாட்டேன். விழுந்தது நீ.

பெரிய வெள்ளி அன்று தனக்குத் தானே கொக்கி மாட்டிக்கொள்வேன் என்று எழுதியிருக்கிறார். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் விளக்க வேண்டாம்.

கொக்கியை நான் உன்னிடம்தான் கொடுத்துவிட்டு வந்தேன், தம்பி. இன்னும் அது உன்னிடம்தான் இருக்கிறது.

அக்கா,
தெரசம்மாள்


சேசு மரி சூசை துணை
அரிசிபாளையம்
21.4.2025

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்து, தங்கச்சி.

உடம்பெல்லாம் நன்றாக இருக்கிறது. அண்ணியின் முட்டிவலி போன இடம் தெரியவில்லை. மார்ச் மாதக் கடைசியிலிருந்து நான் டீக்கடைக்குப் போனால் டீக்கடைக்கு வருகிறாள், முடிவெட்டிக்கொள்ளப் போனால் பெஞ்சில் வந்து உட்காருகிறாள். மொட்டைத் தலைக்கு என்ன வெட்டு என்று கடைக்காரன் கேட்டான். முப்பது வருஷத்தில் வராத ஆசை இவளுக்கு இப்போது ஏன் வந்தது என்று நினைத்தேன். காரணம் பெரிய வெள்ளிக்குப் பிறகுதான் தெரிந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது என்றதும் அவள் தையல் மிஷினில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். நான் ஒரு பகடி கூடப் பேசவில்லை.

பெரிய வெள்ளியை எழுதுகிறேன்.

மைதானம் நிறைந்துவிட்டது. மூன்று காட்சி நல்லபடியாக நடந்தது. யூதாஸ் காட்சிக்கு முன்னால் நான் மரத்துக்குப் பின்னால் பலகையில் ஏறி நின்றேன். அண்ணி கீழே நின்று என் அங்கி நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தையல் பிரிந்திருக்கிறது என்று ஏதோ சாக்கு சொன்னாள். கையைப் பின்னால் விட்டுக் கொக்கியைத் தேடினேன். கொக்கி இல்லை.

திரும்பிப் பார்த்தால், நாலு ரோமச் சிப்பாய்கள் ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு ஒரு வீல்சேரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதில் அன்பு. ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது. மடியில் கொக்கியை வைத்திருக்கிறான். மத்தியானமே ஆள் விட்டுக் கழற்றி எடுத்துக்கொண்டானாம். என் பலகைக்குச் சமமாக அவனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

"திரும்புங்ண்ணா" என்றான்.

நான் திரும்பவில்லை. நானே மாட்டிக்கொள்கிறேன், நீ போடா என்றேன்.

"நீங்க மாட்டிக்கச் சொன்னீங்க, நானும் மாட்டிக்கிட்டேன். தப்பு ரெண்டு பேருத்துது. உங்க பங்க நீங்க சொமங்க. எம் பங்கையும் சேத்து இழுத்துட்டுப் போயராதீங்க."

திரும்பி நின்றேன். முதுகில் அவன் கை பட்டது. பெல்ட் வளையத்தில் கொக்கி விழுந்த சத்தம் கேட்டது.

"மாட்டியாச்சு" என்றான்.

நான் காலைத் தூக்கவில்லை, தெரசம்மா. என்னால் முடியவில்லை. வெளியே ரெக்கார்டு ஓட ஆரம்பித்துவிட்டது. 'குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேனே' என்று என் குரல் கத்துகிறது. மரம் வெறுமனே நிற்கிறது, ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அந்நேரம் முன்னால் வந்திருக்க வேண்டும். அன்பு கையை எடுக்கவில்லை. ஒரு சிப்பாய், "வலிக்குதுங்ண்ணா, சீக்கிரம்" என்றான். அன்பு கையை எடுக்கவே இல்லை. சட்டம் அதுதானே.

காலைத் தூக்கிப் பார்த்தேன். கொக்கி என்னைத் தாங்கியது.

"பார்த்தேன்" என்றேன்.

அதற்குப் பிறகுதான் கையை எடுத்தான். நான் முன்னால் போய் நிற்பதற்குள் ரெக்கார்டில் நான் அழுது முடித்திருந்தேன். மேடையில் அப்போதுதான் ஆரம்பித்தேன். சத்தமே இல்லாமல் இவ்வளவு நேரம் எந்த யூதாசும் அழுததில்லை என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னார்.

அன்பு என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. நேற்று ஈஸ்டருக்குக் கேக்கும் கறிக்குழம்பும் கொண்டுபோனேன். கேக்கை அப்பால் தள்ளிவிட்டுக் கறியை மட்டும் வாங்கிக்கொண்டான். அது போதும் எனக்கு. கம்பெனியில் இனி அவன் சரிபாதிப் பங்காளி. ஏணிக்குப் பதில் டைரியும் போனும் அவன் கையில். எந்த ஊருக்கு எந்தத் தேதி என்று அவன்தான் சொல்ல வேண்டும்.

இன்று காலை நான் அன்பு வீட்டில் இருந்தபோது தீனதயாளன் கூப்பிட்டான். வேறு படம், நாலு சீன், வருகிற மாசியில். முகம் தெரியுமாம். எனக்கு நெஞ்சு ஒரு குதி குதித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தேதியெல்லாம் என் பங்காளியிடம் கேளுங்கள் என்று போனை அன்புவிடம் நீட்டினேன். அவன் டைரியை இரண்டு தரம் புரட்டிவிட்டுச் சொன்னான், "தவக்காலத்துல எங்கண்ணனுக்குச் சாவறதுக்கே நேரம் பத்தாதுங்க. தை மாசம்னா வரச் சொல்றேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. இந்தத் தடவை அவன் சிரிக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது.

மதர் அம்மா, இந்தக் கவரையும் நீங்களே முதலில் பிரியுங்கள். இனி எல்லாத் தவக்காலத்திலும்.

ஞானதாஸ்